அந்தக் குளிருக்கு எண்ணெய் என்ன விலை

சிரித்துக்கொண்டே விலை சொல்கிறவரை நான் நம்புவதில்லை. அந்த எண்ணெய்க்காரர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எண்பதுகளின் நடுவில், ஆக்லாந்தில், ஒரு பெப்ரவரி மாதம். அங்கே அது நடுக்கோடை, வெயில் சுட்டெரிக்கிறது. கதவு யன்னலெல்லாம் திறந்து வைத்துவிட்டு நான் புழுக்கத்தில் சமைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் பின்வாசலில் அரைக்காற்சட்டையோடு ஒரு பெரிய மனிதர் வந்து நின்று குளிரைப் பற்றிக் கதைத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

ஹில்ஸ்பரோவில் நாங்கள் வாங்கியிருந்த வீடு சரிவில் இருந்தது. பின்வளவில் எலுமிச்சை மரத்தடியில் ஓர் இரும்புத் தாங்கி. பவுசர் லொறியில் எண்ணெய் கொண்டுவந்து அதை நிரப்புவார்கள். அங்கிருந்து குழாய் வழியாக எண்ணெய் வந்து விறாந்தை அறையில் இருந்த ஹீட்டரில் எரியும். முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஏற்பாடு அது. அதற்கு எண்ணெய் போடுகிறவர்தான் வந்திருந்தார்.

"இந்த மாதம் முடிவதற்குள் சொன்னீர்களென்றால், குளிர்காலம் முழுவதும் இதே விலைக்குத் தருவேன். உலகத்தில் என்ன நடந்தாலும் ஏற்றமாட்டேன்" என்றார் ஆங்கிலத்தில்.

"விலை இறங்கினால்?"

"இறங்கினாலும் இதே விலைதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பிலேயே பிடித்துவிட்டேன். இறங்கப் போகிறது என்று இந்த ஆளுக்குத் தெரியும். இல்லாவிட்டால் வெயில் காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்க இவருக்கு என்ன தலையெழுத்து? குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டேன். தண்ணீர் போதும் என்றார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் சும்மா சந்தேகப்பட்டுவிட்டு இருக்கவும் முடியாது. எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. முந்தின குளிர்காலத்தில் அவளுக்குத் தொய்வு வந்து, மூச்சை இழுத்து இழுத்து, நெஞ்சு உள்ளே போய் வெளியே வந்ததைப் பார்த்தவள் நான். அறை காய்ந்து சூடாக இருக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஆட்கள் எல்லார் வீட்டிலும் மூலையில் இருந்த மண்ணெண்ணெய் ஹீட்டரை இந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது, அதன் புகை ஆகாது என்றும் சொல்லியிருந்தார். ஆகவே அந்தத் தாங்கியில் எண்ணெய் இருந்தால்தான் அவளுக்கு நிம்மதியாக மூச்சு.

என் கணவர் ஒரு அலுவலகத்தில் வரைபடம் கீறுகிறவர். யாரையும் நம்பிவிடுவார். அன்று பின்னேரமே, "ஓம் எண்டு சொல்லிவிடுவம். எல்லாச் சாமானும் கிழமைக்குக் கிழமை ஏறுது, நீர் காணேல்லையே?" என்றார்.

"ஏறப்போற சாமானை ஆராவது பழைய விலைக்குத் தருவினமே? அவருக்கு என்ன விசரே?"

"வியாபாரி எண்டால் களவெடுக்கத்தான் வேணுமோ?"

"வியாபாரி எண்டால் நட்டத்துக்கு விக்கமாட்டான்" என்றேன்.

அடுத்த நாள் நான் வேலை செய்த த்ரீ கிங்ஸ் துணிக்கடைக்கு வெளியே இருந்த டெலிபோன் கூண்டிலிருந்து எண்ணெய்க்காரரைக் கூப்பிட்டேன். புதிதாக வந்த வாடிக்கையாளர் மாதிரி, குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி, என்ன விலை என்று கேட்டேன். அதே விலையைச் சொன்னார். பிறகு, "எலுமிச்சை மரத்து வீட்டு அம்மாதானே?" என்றார். டக்கென்று போனை வைத்துவிட்டேன். இவ்வளவு கெட்டிக்காரராக இருக்கிற மனிதரை எப்படி நம்புவது?

அந்த வெள்ளிக்கிழமை பஜனை. அந்தக் காலத்தில் கோயில் கிடையாது. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மேசையில் படங்களை வைத்துப் பாடுவோம். முடிந்ததும் கடலையும் தேநீரும். அதற்குப் பிறகுதான் உண்மையான பஜனை, யார் என்ன சாமானை எங்கே என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பது.

அதே நகரில் சான்ட்ரிங்ஹாமில் இருந்த, நாங்கள் அண்ணை, அக்கா என்று கூப்பிடுகிற தம்பதி எங்களுக்கு மிகவும் நெருக்கம். அண்ணை என் கணவருக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு மேலே படித்தவர். அவர்கள் வீட்டிலும் எங்களுடையதைப் போலவே எண்ணெய் ஹீட்டர்தான், எண்ணெய்க்காரரும் அதே ஆள்தான். என் கணவர் கதையை எடுத்தார்.

"உங்களிட்டயும் வந்தவனோ, அண்ணை?"

"வராமல்? நீங்கள் என்ன விலைக்குத் தம்பி?"

என் கணவர் எண்ணெய்க்காரர் சொன்ன விலையைச் சொன்னார். அண்ணை கடலையை வாயில் போட்டு, ஆறுதலாகச் சப்பிவிட்டு, "ஐயோ, அவ்வளவே? நாங்கள் அதைவிட நல்லாக் குறைச்சு முடிச்சாச்சு" என்றார். ஒரு விலையும் சொன்னார்.

என் கணவரின் முகம் சுருங்கியது. பிறகு மூக்கைத் தடவிக்கொண்டு, "எங்களுக்கும் கடைசி விலை அதில்லை. இன்னும் கீழ வாறன் எண்டுதான் நிக்கிறான். பேந்து போன் அடிச்சு, நீங்கள் சொன்னதுக்கும் குறையத்தான் சொன்னவன்" என்றார்.

அது பச்சைப் பொய். அவர் மூக்கைத் தடவினால் பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் ஆட்களுக்குள் இது ஒரு முறை. சேலை என்றால் வாங்கிய விலைக்கு மேலே சொல்வோம். மற்றச் சாமான் என்றால் கீழே சொல்வோம். கத்தரிக்காய் வாங்கினாலும் சரி, கார் வாங்கினாலும் சரி, ஏமாந்தவன் என்ற பெயர் மட்டும் வந்துவிடக் கூடாது. அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை, மரியாதை என்றே நினைப்பார்கள்.

என் கணவர் சொன்னது பொய் என்று தெரிந்த எனக்கு, அண்ணை சொன்னது என்ன என்று மட்டும் தோன்றவே இல்லை. என் சந்தேகம் முழுவதும் அந்த அரைக்காற்சட்டைக்காரர் மேலேயே இருந்தது. சான்ட்ரிங்ஹாமுக்கு ஒரு விலை, ஹில்ஸ்பரோவுக்கு ஒரு விலையா? எங்கள் முகத்தில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறது?

மாதக் கடைசியில் அவர் மறுபடி வந்தார். நான் வாசலிலேயே மறித்தேன்.

"சான்ட்ரிங்ஹாமில் உள்ளவர்களுக்குக் குறைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். எங்களுக்கு மட்டும் ஏன் இந்த விலை?"

அவர் முழித்தார். "நான் யாருக்கும் குறைத்துக் கொடுக்கவில்லையே. எல்லாருக்கும் ஒரே விலைதான்."

கள்ளன் ஒத்துக்கொள்வானா? "அப்படியென்றால் வேண்டாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

சந்தையில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும். வேண்டாம் என்று சொல்லி நாலு எட்டு நடந்தால், பின்னால் குரல் வரும். "இஞ்சருங்கோ அம்மா, சரி, வந்து எடுத்துக்கொண்டு போங்கோ!" அந்தக் குரலுக்காக நான் கதவுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டு நின்றேன். பவுசர் உறுமிக்கொண்டு சரிவில் இறங்கிப் போன சத்தம்தான் கேட்டது. போன் எடுப்பார் என்று இரண்டு நாள் பார்த்தேன். எடுக்கவில்லை. மாதம் முடிந்தது. கூப்பிடாத வியாபாரியை நான் அதுவரை கண்டதில்லை. அதனால், இன்னும் பெரிய சூழ்ச்சி ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

விலை இறங்கவில்லை. குளிர் தொடங்கிய மே மாதத்தில் ஏறியது, யூனில் இன்னும் ஏறியது. தாங்கியில் மிஞ்சியிருந்த பழைய எண்ணெயில் நாங்கள் ஹீட்டரைக் காலையில் கொஞ்சம், மகள் படுக்கும்போது கொஞ்சம் என்று எரித்தோம். என் கணவர் தாங்கிக்குள் தடியை விட்டு, அதில் எண்ணெய் நனைந்த இடத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே வருவார். அவர் பேசாமல் இருந்தது எனக்குக் குத்திக்காட்டியது மாதிரி இருந்தது. சுவரில் ஈரம் படர்ந்தது. மகள் இருமத் தொடங்கினாள்.

கடைசியில் மானத்தை விட்டு எண்ணெய்க்காரரைக் கூப்பிட்டேன். விலை பேசிக்கொண்ட வீடுகளுக்குத்தான் முதலில் போடவேண்டும், எங்களுக்கு அடுத்த கிழமைதான் என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹீட்டர் தானாகவே அணைந்தது. வெளியே மழை. மகளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. டொக்டர் தந்த மருந்தைக் கொடுத்தும் குறையவில்லை.

"அண்ணை வீட்டுக்குக் கொண்டுபோவம். அங்க நல்ல சூடா இருக்கும்" என்றார் என் கணவர். கெட்டித்தனமாக விலை முடித்தவர்களின் வீடு. எனக்குப் போக மனமில்லை. ஆனாலும் பிள்ளையைக் கம்பளியால் சுற்றிக்கொண்டு காரில் ஏறினேன்.

அக்கா கதவைத் திறந்தார். கனத்த மேலங்கி, அதற்கு மேலே ஒரு போர்வை, தலையில் கம்பளித் தொப்பி. உள்ளேயிருந்து வந்த காற்று எங்கள் வீட்டுக் காற்றைவிடக் குளிர். அண்ணை கையுறையோடு கதிரையில் இருந்தார். அவர்களின் மகன்கள் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள். மூத்தவன் எங்களைக் கண்டதும் ஆங்கிலத்தில், "நாங்கள்தானே உங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது?" என்றான்.

அக்காவின் முகம் விழுந்தது. "ஓமப்பா, வெளிக்கிட்டுக்கொண்டுதான் இருந்தனாங்கள். உங்கட வீடு சூடா இருக்கும் எண்டு இவர் சொன்னவர். எங்களிலும் பார்க்கக் குறைஞ்ச விலைக்கு நீங்கள் முடிச்சனீங்கள்தானே?"

"நீங்கள் முடிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"எங்க முடிச்சது! தம்பிக்கு அவ்வளவு குறைச்சுக் குடுக்கிறவன் எனக்கு ஏன் குடுக்கேல்லை எண்டு சண்டை பிடிச்சு, வேண்டாம் எண்டு திருப்பி அனுப்பிப்போட்டார்."

அண்ணை தன் கையுறையைப் பார்த்தார். என் கணவர் மூக்கைத் தடவினார். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் மழையில் தள்ளியிருப்பேன். ஆனால் மகளின் நெஞ்சு என் கைக்குள் விசில் மாதிரிச் சத்தம் போட்டது. அதற்குப் பிறகு யாருக்கும் கோபப்பட நேரம் இருக்கவில்லை. அண்ணைதான் தன் காரை எடுத்தார். என் கணவர் கார்ச் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி சூடாக இருந்தது. மேலங்கியைக் கழற்றவேண்டிய அளவுக்குச் சூடு. பிள்ளையின் முகத்தில் மருந்துப் புகை வருகிற மூடியை வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய தோள்கள் இறங்கின. நாங்கள் மூன்று பேரும் அந்தத் தோள்களையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு ஒரு தாதி வந்தாள். இளம்பெண், சிரித்த முகம். "உங்கள் வீடு சூடாக இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"ஓ, நல்ல சூடு" என்றார் என் கணவர் உடனே. கை மூக்குக்குப் போனது.

ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எனக்குள்ளேயும் அதே பயம்தான். ஏன் கேட்கிறாள்? யாருக்குச் சொல்லப் போகிறாள்? பிள்ளையை வைத்திருக்கத் தெரியாதவர்கள் என்று எழுதிவிடுவாளோ? எண்ணெய்க்காரரின் முகத்தில் தேடியதைப் போல அவளுடைய முகத்திலும் தேடினேன். அவள் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"இல்லை" என்றேன். "எங்கள் வீடு குளிர். எண்ணெய் முடிந்துவிட்டது."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். கட்டிலின் அந்தப் பக்கத்தில் நின்ற அண்ணையிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கையுறையைக் கழற்றி, சுருட்டி, தொண்டையைச் செருமினார்.

"எங்கட வீடும் குளிர்தான்" என்றார். தமிழில் சொன்னதை உணர்ந்து, தாதிக்கு விளங்கும்படி ஆங்கிலத்தில் இன்னொரு தரம் சொன்னார்.