தெரிந்தவர்களை மட்டும் விடும் ஆன்டிவைரஸ்

வெயிலில் நின்ற மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள்ளிருந்து சிடி பையை எடுத்துத் திறந்தால் ஒரு வாசனை வரும்... சூடேறிய பிளாஸ்டிக்கும் மார்க்கர் மையும் கலந்த வாசனை. எனக்கு அதுதான் முதல் வேலையின் வாசனை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை. வீடு வீடாகப் போய் ஆன்டிவைரஸ் போடுவது என் வேலை. பையில் மூன்று இருக்கும். ஒன்று இலவசம், பாதி வைரஸைக் கோட்டை விட்டுவிடும். இன்னொன்று கம்ப்யூட்டரையே ஆமையாக்கிவிடும். மூன்றாவது கேள்வியே கேட்காது, சந்தேகப்பட்டதையெல்லாம் தூக்கிவிடும்.

"ஆன்டிங்க வீட்டுக்கு மூணாவதப் போட்டுட்டு வந்துரு. கேள்வி கேட்டா பயந்துருவாங்க, அப்புறம் நமக்குத்தான் போன் வரும்" என்பார் முதலாளி. நானும் பெரிய நிபுணன் மாதிரி தலையாட்டுவேன்.

ஒரு நாள் கிள்ளான் பக்கம், மேருவிலிருந்து ஒரு அங்கிள் போன் செய்தார். லோரி ஓட்டுபவர்.

"தம்பி, வீட்டு கம்ப்யூட்டர்ல என்னமோ பூந்துருச்சு லா. மவுஸ் தானா நடக்குது. என் வீட்டுக்காரி அது முன்னாலயே உக்காந்துருக்கா. நான் அவுட்ஸ்டேஷன்ல இருக்கேன். நீ போயி எதையாச்சும் போட்டு நிறுத்து."

போனேன். மணி மூன்றரை இருக்கும். கதவைத் திறந்த ஆன்டி தலை வாரி, பூ வைத்து, நல்ல புடவை கட்டியிருந்தார். எங்கேயாவது கிளம்புகிறீர்களா என்று கேட்டேன். "இல்ல தம்பி, வீட்லதான்" என்றார்.

கம்ப்யூட்டர் மகனுடைய அறையில் இருந்தது. அவனே பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தியது. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனவன், இரண்டு வருடமாக ஒரு போன்கூட இல்லையாம்.

நாலு மணிக்கு, திரைக்கு மேலிருந்த கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது.

நான் எதையும் தொடவில்லை. ஆன்டியின் கைகள் மடியில் இருந்தன. அம்புக்குறி மட்டும் மெதுவாக நகர்ந்தது... குடும்பப் படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தது. ஒரு படம். கொஞ்ச நேரம் நின்றது. அடுத்த படம். அவசரமே இல்லை.

"தினம் வரும் தம்பி" என்றார் ஆன்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "இவருக்கு பேயின்னு பயம். எனக்குத் தெரியும், எம்பிள்ளதான். அங்கேருந்து வீட்டப் பாக்குறான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அது நடக்கக்கூடியதுதான். தூரத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டரை இயக்க ஒரு சின்ன புரோகிராம் போதும். கிளம்பும் முன் மகனே போட்டிருக்கலாம். இல்லை, எவனோ முகம் தெரியாதவன் ஏதாவது டவுன்லோடோடு சேர்த்து உள்ளே அனுப்பியிருக்கலாம். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆன்டி கேட்டார். "தெரிஞ்சவங்க வந்தா விடுற மாதிரி ஒண்ணு இருக்கா, தம்பி?"

அப்படி ஒன்று என் பையில் இல்லை. இலவச சிடியைப் போட்டுவிட்டு வந்தால் இது தொடர்ந்து வரும். வருவது மகன் இல்லையென்றால், இந்த அம்மாவை எவனோ ஒருவன் தினமும் உட்கார்ந்து பார்ப்பான். மூன்றாவதைப் போட்டால் நின்றுவிடும். வருவது மகன்தான் என்றால், இருந்த ஒரே வழியையும் அடைத்த பாவம் எனக்கு. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

"நீங்களே கேட்டுப் பாருங்க ஆன்டி" என்று நோட்பேடைத் திறந்து கொடுத்தேன்.

ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார். யார் நீ என்று கேட்கவில்லை. எங்கே இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை.

saptiya

அவ்வளவுதான்.

அம்புக்குறி நின்றது. மேலே காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும்... பிறகு அம்புக்குறி மெல்ல மேலே போய் நோட்பேடை மூடப் பார்த்தது. எழுதியதைச் சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'யெஸ்' மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது, நின்றது...

நகர்ந்து வந்து 'நோ'வை அழுத்தியது. அடுத்த படத்தைத் திறந்தது.

ஆன்டி எழுந்தார். கேமராவுக்குத் தெரியாத பக்கமாகப் போய் சுவரை ஒட்டி நின்றுகொண்டார்.

"போடு தம்பி."

"ஆன்டி, ஒருவேளை..."

"எவ்வளவு கோவம்னாலும் சாப்டியான்னு கேட்டா 'ம்'முன்னாவது சொல்லுவான். பெட்டி தூக்குன அன்னிக்கும் சொல்லிட்டுத்தான் போனான். இது அவன் இல்ல."

மூன்றாவது சிடியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு அணைந்தது. திரையில் வாயில் நுழையாத ஒரு பெயர், பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்று ஒரு வரி. எங்கிருந்து வந்தது, யார் வந்தது, எதுவும் அதில் இல்லை.

இப்போது ஆன்டிவைரஸ் கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. எது நல்லது என்று யாரும் கேட்பதில்லை. டீ போட்டுக் கொடுத்து, முன்பின் தெரியாத என்னைப் படுக்கையறை வரைக்கும் நம்பி விட்ட மனிதர்களை நினைத்தால் இன்றும் கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருக்கிறது. நான் இப்போது ஒரு ஆபீஸில், குளிர்ந்த அறைக்குள் உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமலே எல்லார் கம்ப்யூட்டரையும் சரிசெய்கிறேன். அம்புக்குறி தானாக நகர்ந்தால் இன்று யாரும் பயப்படுவதில்லை, ஐடி ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு முறையும் அடுத்தவர் திரைக்குள் நுழையும்போது எனக்கு அந்த ஆன்டி ஞாபகம் வந்துவிடும். அன்று நான் கிளம்பும்போது, கிரில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப இத்தன நாளா நான் யாரு முன்னால உக்காந்து அழுதேன், தம்பி?"