தலையில் தேய்த்த மீன் எண்ணெய்

குந்தாரப்பள்ளிச் சந்தையில் கருவாட்டுக் கூடைகளைத் தாண்டும்போது அடிக்குமே, அதைவிடக் கொழகொழப்பான, மூக்கைக் கடந்து நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிற ஒரு வாடை. அதுதான் என் ஏழாம் வயதின் மழைக்காலம். ஐம்பதுகளின் நடுவில், கடலைக் கண்டறியாத பாகலூர்ப் பக்கத்து ராகிக் கொல்லைகளுக்கு நடுவே, என் தம்பியின் தலையிலிருந்து கடல் நாறிக்கொண்டிருந்தது.

அப்பா ரோட்டுக்கு ஜல்லி உடைக்கும் கூட்டத்தோடு போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்களுக்கு அங்கே சொந்தமென்று சொல்ல ஒரு வாசல் கிடையாது. சுற்றிலும் தெலுங்கும் கன்னடமும். அவற்றை நான் மழைத் தண்ணீர்போல் உறிஞ்சிக்கொண்டேன். ஆனாலும் அவற்றில் யாரும் என்னை விளையாடக் கூப்பிடவில்லை. அம்மா விடியலில் களைவெட்டப் போனால் பொழுது இறங்கித்தான் வருவாள். மிச்சமிருந்தது இரண்டரை வயதுச் சின்னான் மட்டும். அவனோ, நடக்கத் தெரிந்த நாளிலிருந்து, எந்தப் பிள்ளைக் கூட்டத்தின் பின்னாலும் சிரித்துக்கொண்டே ஓடிவிடுகிறவன்.

அந்த ஐப்பசியில் பொழுது சாய்ந்தால் சின்னான் வட்டிலில் இருக்கும் களியைக் கையால் தடவித் தேட ஆரம்பித்தான். "கண்ணுல சூடு ஏறிப்போச்சு" என்றாள் அம்மா. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், "உரமருந்து". வசம்பைச் சுட்டு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய் ஒவ்வொன்றையும் கல்லில் இத்தனை சுற்று என்று எண்ணி உரைத்து, வழித்து நாக்கில் தடவுவாள். வயிற்றுக் கடுப்புக்குக் கேட்ட மருந்து கண்ணுக்குக் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு நாகம்மக்கா வேலிக்கு அந்தப்புறமிருந்து தன் தெலுங்குத் தமிழில் சீண்டுவாள். "ஏம்மா, தேச்சுத் தேச்சு அந்தக் கல்லுக்குத்தான் கண்ணு வரும் போ! ஆட்டு ஈரலு சுட்டுக் குடு. இல்லைன்னா முருங்கக்கீர ஆக்கிக் குடு."

"ஈரலுக்கு உங்க மாமன் ஊட்டு ஆட்டையா அறுக்கறது? கீர குடுத்தா புள்ளைக்கு வயிறு போவும்க்கா" என்று அம்மா உரைப்பதை நிறுத்தாமலே சொல்வாள்.

இவர்கள் இப்படி வழக்காடிக்கொண்டிருந்த அந்த மங்கிய வேளைகளில்தான், யாரும் கவனிக்காத ஒரு சுகம் எனக்குள் வளர்ந்தது. வெளிச்சம் வடிந்ததும் சின்னான் எங்கும் ஓடுவதில்லை. "அக்கா, அக்கா" என்று காற்றைத் துழாவி வந்து என் வலது கையின் இரண்டு விரல்களைப் பிடித்துக்கொள்வான். உலகத்தில் ஒரே ஒருவருக்கு நான் வேண்டியிருந்தது, அதுவும் இருட்டினால் மட்டும்.

ஒரு நாள் மத்தியானம் நர்சம்மா வந்தாள். ஊர் ஊராகப் பிள்ளைகளைப் பார்க்க வருகிறவள். சின்னானின் கண் ரெப்பையை விலக்கிப் பார்த்தாள். பழுப்புப் புட்டி ஒன்றை என் கையில் வைத்தாள். மீன் எண்ணெய், தினமும் ஒரு கரண்டி, "பாயிகெ" என்று கன்னடத்தில் சொல்லி, தன் வாயைத் திறந்து விரலால் காட்டியும் விட்டாள். கண் தெளிந்துவிடும் என்றாள். அம்மா அப்போது கொல்லையில் இருந்தாள்.

சாயங்காலம் அம்மா புட்டியைத் திறந்து முகம் சுளித்தாள். "எண்ணெயா? தலைக்குத்தான, சூடு தணிய?"

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். கண் சூட்டுக்கு எண்ணெய் என்றால் உச்சந்தலை என்பது அவள் பிறந்து வளர்ந்த வழக்கம்; அந்த வழக்கத்தின் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

பிறகு தினமும் அம்மா அவன் உச்சியில் அதை வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தாள், இமைமேலும் தடவினாள். சின்னானின் பின்னால் இரண்டு பூனைகள் வரிசையாக நடந்தன. "மீனு வந்துச்சுடோய்!" என்று பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் ஓடியதும் எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

ஒரு மாலை, அவன் என்னைத் தேடட்டும் என்று வைக்கோல் போரின் பக்கத்தில் மூச்சடக்கி உட்கார்ந்தேன். "அக்கா" என்றான். இன்னும் ஒரு தரம் கூப்பிடட்டும், இன்னும் ஒரே தரம். அவன் கூப்பிட்டுக்கொண்டே, கைகளை முன்னால் நீட்டி, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற, கைப்பிடிச் சுவரில்லாத கவலைக் கிணற்றுப் பக்கமாக நடந்தான். நான் பாய்ந்து சட்டையைப் பிடித்தபோது அவன் கால் உதைத்த கல் உள்ளே விழுந்தது. அது தண்ணீரைத் தொட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்பது இன்றும் என் காதில் இருக்கிறது.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி, அம்மாவின் எதிரில் நின்று, "தலைக்கில்லம்மா. வாயில ஊத்தச் சொன்னாங்க" என்றேன்.

அம்மா அடிக்கவில்லை. "தெரிஞ்சேவாடி?" என்று மட்டும் கேட்டாள். புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் இரண்டு விரற்கடை மிச்சமிருந்தது. கரண்டியைக் கழுவி எடுத்துவந்து, அவன் மூக்கைப் பிடித்து ஊற்றினாள். மறுநாள் வேலிக்கு அந்தப்பக்கம் போய் நாகம்மக்காவிடம் ஒரு கை முருங்கைக்கீரையும் கேட்டு வாங்கினாள். வந்த ஊரில் அம்மா வாய்விட்டு ஒன்றைக் கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

எண்ணெய் தீர்ந்து, நர்சம்மா இன்னொரு புட்டி கொடுத்து, அதுவும் பாதியான ஒரு மாலையில், நாகம்மக்காவின் கூரைமேல் ஒண்டியிருந்த காக்கையைச் சின்னான் விரல் நீட்டிக் காட்டினான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் திமிறிக்கொண்டு, என் விரல்களை விட்டுவிட்டு, தெருமுனையில் கூச்சலிட்ட பிள்ளைகளை நோக்கி ஓடினான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று அந்தக் கிணறு தூர்ந்து மேலே ஒரு கம்பெனியின் மதில் நிற்கிறது. ஓசூர்ப் பக்கம் வானமே இருட்டுவதில்லை. என்னைப் பார்க்க வந்திருந்த சின்னான், தன் மகனின் கடைக்குட்டிக்கு வாங்கிய மீன் எண்ணெய்ச் சொட்டு மருந்தைக் காட்டினான். "மோந்து பாருக்கா, ஆரஞ்சு வாசம். மீன் வாடையே இல்ல." அவனுக்கு அந்த வாடை நினைவில்லை, கிணறும் நினைவில்லை. நானும் இன்றுவரை சொன்னதில்லை. மோந்து பார்த்துவிட்டு, "வாய்க்குத்தானே?" என்று கேட்டேன். "பின்ன, தலைக்கா தேய்ப்பாங்க?" என்று சிரித்துவிட்டுப் புறப்பட்டான், விளக்கு வரிசையின் கீழே, யார் கையும் பிடிக்காமல்.

பொழுது சாயும்போது என் வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும் இன்னமும் கொஞ்சம் விரிந்தே இருக்கின்றன.