ஐந்தாவது ரிம்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் விஜேந்திரனைத்தான் கூப்பிடுவார்கள். குவைத்தில் டிரைவராக இருந்து திரும்பியவர், ஒரு பழைய ஜப்பான் ஜீப்பை வாங்கி வாடகைக்கு ஹயர் ஓட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். வண்டியை எடுக்குமுன் குனிந்து சக்கரங்களைச் சுற்றிப் பார்க்காமல் ஏறமாட்டார்.

ஒருநாள் பனிமூட்டத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கியபோது பிரேக் சூடேறிக் கருகல் வாடை அடித்தது. மிதித்தால் அடிவரை போனது, வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, மண்மேட்டில் உரசவிட்டு நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை. மறுநாளே பதுளையில் கராஜ் வைத்திருக்கும் ஹஸீபிடம் போனார்.

“இதுக்குப் பொறகு வந்த மொடல்ட பிரேக் டிஸ்க் பெருசு. அத முன்னால போட்டா நல்லாப் பிடிக்கும்,” என்றார் ஹஸீப். “ஆனா ஒங்கட பதினஞ்சு இஞ்சி ரிம் அதுக்கு மேல ஏறாது, உள்ளுக்கு முட்டும். பதினேழு போடணும்.”

வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. பழைய பாகங்களுக்கே போட்டி. விபத்தில் நசுங்கிய ஒரு ஜீப்பிலிருந்து பெரிய டிஸ்க்குகளும் நான்கு ரிம்மும் கிடைத்தன. ஐந்தாவது ரிம் விரிசல் விட்டிருந்தது.

“அப்ப ஸ்பெயார் வீலுக்கு என்ன செய்றது, நானா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் விஜேந்திரன்.

“பழசையே வச்சிக்கோங்க. பின் பிரேக்க மாத்தல்ல, அதனால அது பின்னால ஏறும். முன்னால பஞ்சரானா, பின் சக்கரத்தக் கழட்டி முன்னால போட்டுட்டு, பழசப் பின்னால போடுங்க. ரெட்ட வேலதான். அஞ்சாவது கெடச்சா போன்ல கோல் எடுக்கிறேன்.”

அதன்பிறகு ஜீப் சொன்ன இடத்தில் நின்றது. அவர் இரண்டு முறை ஹஸீபுக்குப் போன் செய்து ஐந்தாவதைப் பற்றிக் கேட்டார். இல்லை என்ற பதிலே வந்தது.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், கொழுந்து நிறுக்கும் இடத்தில் கொழுந்து பறிக்கும் மாரியாயி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் மகள் கலாராணி ஓடிவந்து சொன்னதும் விஜேந்திரன் இருவரையும் ஏற்றிக்கொண்டு பண்டாரவளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். பாதி வழியில், மழை அரித்த வளைவில், கூரான கல் ஒன்று முன் டயரைக் கிழித்தது.

வண்டியைத் தூக்கும் ஜக்கை எடுத்துக்கொண்டு அவர் பின்பக்கம் போனார். சேற்றில் ஜக் புதைந்தது. பலகைத் துண்டு வைத்து மறுபடி தூக்கினார். கலாராணி குடையோடு இறங்கி வந்து பார்த்தாள்.

“அண்ணே, காத்துப் போனது முன்னாலதானே? நல்லா இருக்கிற சக்கரத்த எதுக்குக் கழட்டுறீங்க?”

“அப்பிடித்தாம்மா போடணும். ஸ்பெயார் முன்னால ஏறாது.”

அவளுக்குப் புரியவில்லை. உள்ளேயிருந்து மாரியாயி, “இன்னும் கெளம்பலையா தம்பி?” என்றாள். “இந்தா ஆச்சுக்கா,” என்றார். பின்னால் சின்னதைப் போட்டு இறக்கி, முன்னால் தூக்கியபோது வண்டி சரிந்து ஜக் விழுந்தது. மீண்டும் தூக்கினார். அந்த வழியாக வேறு வண்டி எதுவும் வரவில்லை. சக்கரம் முடுக்கி அவர் ஏறி உட்கார்ந்தபோது மாரியாயி பேச்சை நிறுத்தியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உயிர் இல்லையென்றார்கள். விஜேந்திரன் நனைந்த சட்டையோடு டொக்டரின் பின்னாலேயே போய்க் கேட்டார்.

“கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தா பொழச்சிருப்பாங்களா, மிஸ்?”

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். விஜேந்திரனை நிமிர்ந்து பார்த்து, “அதைச் சொல்ல ஏலாது, ஐயா,” என்றார்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரும் அவரைத் திட்டவில்லை. இழவு வீட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் கலாராணி நடந்ததைத்தான் சொன்னாள்: முன் டயர் போச்சு, அவர் நல்லா இருந்த பின் சக்கரத்தையும் கழட்டினார், நேரமாகிவிட்டது. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். பெரிய சக்கரமும் பெரிய பிரேக்கும் போடாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பேசிக்கொண்டார்கள். அது உண்மையும்கூட. மலையில் பிரேக் இல்லாமல் உரசி நின்ற நாளை யாரும் பேசவில்லை.

கருமாதி முடிந்தபின் விஜேந்திரன் கலாராணியின் வீட்டுக்குப் போனார். அவள் தேத்தண்ணி கொடுத்தாள்.

“நீங்க என்னாண்ணே செய்வீங்க. ஒங்க மேல எனக்குக் கோவமில்ல,” என்றாள். பிறகு, “அந்தச் சக்கரத்த எதுக்குக் கழட்டுனீங்கன்னுதான் வெளங்கவே இல்ல.”

அவர் விளக்கினார். முன் டிஸ்க் பெரிது, பழைய ரிம் உள்ளே முட்டும் என்று கையால் காட்டினார். அவள் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சரிங்கண்ணே,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறு மாதம் ஹஸீப் கோல் எடுத்தார். ஐந்தாவது ரிம் கிடைத்துவிட்டது. விஜேந்திரன் பதுளைக்குப் போய் டயர் போட்டு வாங்கி, ஜீப்பின் பின்கதவில் மாட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது அவசரமென்றால் மேல் டிவிஷனில் கொழுந்து லொறிக்கே சொல்கிறார்கள். விஜேந்திரன் வாரத்தில் ஒருநாள் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறார். மற்ற நாட்களில் ஜீப் லயத்து முனையில், மழையில் நிற்கிறது.