அவர் சிரித்தாராம்

காலை ஏழு இருபதுக்குக் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் அது தொடங்கியது. திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர்கள், பஸ் நிற்பதற்குள்ளேயே ஜன்னல் வழியாகத் துண்டோ பையோ போட்டு இடம் பிடிப்பார்கள். போட்டுவிட்டால் இடம் அவர்களுடையது. என் மகன் கர்ச்சீப் போட்டிருந்தான். ஏறிப் பார்த்தபோது அது கீழே கிடந்தது. அந்த இடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாராம். கையிலிருந்த டிபன் கேரியரால் ஓங்கி அடித்துவிட்டான். அவருக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது.

ஜாமீனில் வந்த பிறகும் ஒரே பேச்சுதான். "வேணும்னே தட்டிவிட்டாம்மா. என்னயப் பாத்துச் சிரிச்சான். யாரா இருந்தாலும் அடிச்சிருப்பாங்க."

நாளைக்கு வேறொருவர் சிரிப்பார், இவன் மறுபடியும் கையை ஓங்குவான். அந்தப் பயத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று.

வக்கீல் சொன்னதால், புதுக்கோட்டையில் ஒரு மனநல ஆலோசகரிடம் வாராவாரம் கூட்டிப்போனேன். நடந்ததைச் சொல்லச் சொல்லி, அந்தப் பெண் நடுநடுவே நிறுத்துவார்.

"கர்ச்சீப் கீழ கெடந்துச்சு, சரி. அவர் தட்டிவிட்டதப் பாத்தீங்களா?"

"இல்ல."

"சிரிச்சத?"

"பாத்தேன்."

"ஒங்களப் பாத்துத்தான் சிரிச்சார்னு எப்படித் தெரியும்?"

அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

ஆலோசகர் என்னிடம் தனியாகச் சொன்னார்: கோபம் எல்லோருக்கும் வரும். இவன் தன் சந்தேகத்தைக் கண்ணால் கண்டதாகவே எடுத்துக்கொள்கிறான். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக நாளாகும். அதுவரை வீட்டில் யாரும் அவனுக்காக நியாயம் பேசாதீர்கள்.

என் அண்ணன் கேட்டால்தானே. "எம் மருமகன் என்ன கொலையா பண்ணிட்டான்? அந்தாளு சீண்டாம இவன் அடிப்பானா? ரோஷமுள்ள புள்ள." ஒரு வாரம் பாடுபட்டு ஆலோசகர் அவிழ்த்ததை, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார். மகன் முகம் தெளிந்துவிடும். சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி, அண்ணன் ஆட்களோடு அடிபட்டவர் வீட்டுக்கும் போயிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. கேட்டதற்கு, "சமாதானம் பேசத்தான் போனோம். பழமெல்லாம் வாங்கிட்டுத்தான் போனேன், ஒனக்கென்ன?" என்றார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், அடிபட்டவரின் மனைவி தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் மகனைத்தான் பார்த்தார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரர் ஒங்களச் சீண்டுனார்னு ஒங்க மாமா சொல்லிட்டுப் போறாரு. அன்னைக்கு அவரு ஜன்னல் பக்கக் காதுல போன வச்சுக்கிட்டு எங்க பேரன் பேசுறதக் கேட்டுச் சிரிச்சாரு. நீங்க ஏறுனதயே அவரு பாக்கல. வீட்டுல பேரனுக்குப் போனப் புடிச்சுக்கிட்டு இருந்தது நாந்தான். அடி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கேஸ நாங்க வாபஸ் வாங்க மாட்டோம். இனிமே யாரையும் அனுப்பாதீங்க."