கவலையில் முதல் மார்க்கு

ஆறாம் வகுப்பு வரை நான் எந்தப் பாடத்திலும் முதலாவதாக வந்ததில்லை. கடைசியாகவும் வந்ததில்லை. நடுவில் எங்கேயோ, யார் கண்ணிலும் படாத இடத்தில் இருந்தேன். ராயபுரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய எங்கள் பள்ளிக்கு ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் கட்டுக்கட்டாகத் தாள்களோடு வந்து சேர்ந்த பிறகுதான் என் நிலைமை மாறியது.

பிள்ளைகள் எதற்கெல்லாம் பயப்படுகிறார்கள், எவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்று அளந்து பார்க்க அவர் வந்திருந்தார். கேள்விகள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே தமிழாக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். "காரணமின்றி உன் இதயம் விரைந்து துடிப்பதுண்டா?" என்று அவர் வாசித்ததும் வகுப்பே முழித்தது. "நெஞ்சு படபடன்னு அட்ச்சிக்குமான்னு கேக்கறாங்கடி" என்று என் பக்கத்தில் இருந்தவள் சொன்ன பிறகுதான் பென்சில்கள் நகர்ந்தன.

ஒவ்வொரு கேள்விக்கும் 'எப்போதும்', 'சில சமயம்', 'இல்லை' என்று கட்டங்கள் இருந்தன. 'எப்போதும்' என்றால்தான் மார்க்கு அதிகம் என்று அந்த அம்மாள் சிஸ்டரிடம் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. அப்புறம் யோசிப்பானேன்? தூக்கம் வராமல் புரள்வாயா? எப்போதும். உள்ளங்கை வியர்க்குமா? எப்போதும். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் உண்மையாகவே பதில் சொன்னேன். படுக்கும் முன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பதுண்டா என்று கேட்டிருந்தது. எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் பெட்டைக்கோழி அடையும். முட்டை வைத்திருக்கிறதா என்று பார்க்காமல் நான் படுத்ததே இல்லை.

அடுத்த வாரம் சிஸ்டர் என்னைத் தனியாக அழைத்துத் தலையைத் தடவினார். பள்ளிக்கூடத்திலேயே எனக்குத்தான் அதிகம் வந்திருக்கிறது என்றும், அந்த அம்மாள் வீட்டுக்கே வந்து பேசப்போகிறார் என்றும் சொன்னார். அவர் முகம் ஏன் வாடியிருந்தது என்று நான் யோசிக்கவில்லை. ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்து, நான்தான் ஃபர்ஸ்ட்டு என்றேன். அம்மா முதலில் நம்பவில்லை. நம்பியதும் இறால் வாங்கி வந்தாள். பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் கேட்டாள். எண்ணெய் வழிய வழிய எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

அந்த அம்மாள் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பரிசு இருப்பதற்கான அடையாளம் எதுவும் அவர் பையில் தெரியவில்லை.

"ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து அழுகிறாளா?" என்று அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"யாரு, இதுவா? தூங்கிச்சுன்னா இடி வியுந்தாக்கூட எயுந்துக்காதும்மா."

"சரியாகச் சாப்பிடுகிறாளா?"

"இன்னா இப்டி கேட்டுட்டீங்க? எனக்கு வெச்ச மீனையும் சேத்துத் துன்னுட்டுப் பூடுது."

அவர் குழம்பிப்போனார். தாளை எடுத்து என் பதில்களைச் சரிபார்க்கத் தொடங்கினார். இதயம் விரைந்து துடிப்பதைப் பற்றிய கேள்வியை இப்போது அவரே நெஞ்சு படபடப்பது என்று மாற்றிக் கேட்டார். அம்மா சிரித்துவிட்டாள்.

"அதுக்கு இல்லம்மா. எனக்குத்தான் அப்டி கீது."

தூக்கம் வராமல் புரள்வதைப் பற்றிக் கேட்டார். "அதுவும் எனக்குத்தான்" என்றாள் அம்மா. இந்த முறை சிரிப்பு பாதிதான் வந்தது. அடுத்ததற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே போனவர்கள் வீடு திரும்பாமல் போய்விடுவார்களோ என்று நினைப்பதுண்டா என்ற கேள்வி வந்தபோது அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முந்தின மழைக்காலத்தில் லாஞ்சில் மீன்பிடிக்கப் போன என் மாமா, அம்மாவின் தம்பி, கரை திரும்பவில்லை. வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அப்பா அன்றும் கடலில்தான் இருந்தார்.

"இதை யாரிடமாவது சொன்னீர்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"யார் கேட்டாங்க, சொல்றதுக்கு?" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தாள். பேசிக்கொண்டே இருந்தாள். எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. பரீட்சை எழுதியது நான். அம்மா நடுவில் புகுந்து எல்லாப் பதிலையும் தனதாக்கிக்கொண்டாள். இனி அவளுக்குத்தான் முதல் இடம் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. காலியான நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இறால் ஆறிப்போகிறது என்று உரக்கச் சொன்னேன். இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.