மீன் ஐஸ் பட்ட தடுப்பூசி

மதியம் பன்னிரண்டு மணி. ஷியாம்பஜார் அருகே ஊர்வலம், கார் நகரவில்லை. ஏ.சி.யும் நின்றுவிட்டது. பிள்ளைகளே, அப்பாவுக்கு, சப்ளையரிடமிருந்து கிளினிக்குக்கு மருந்து கொண்டுவரும் இந்த வேலையில் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது அன்றுதான்.

சீட்டில் இருந்த குளிர்பெட்டிக்குள் இரண்டு ஊசிகள். ஐரோப்பாவின் சில காடுகளில் உண்ணி கடித்தால் மூளைக்காய்ச்சல் வரலாம். வந்தபின் அதைக் குணமாக்கத் தனி மருந்து கிடையாது. முன்கூட்டியே தடுப்பூசி போட வேண்டும். இங்கே அது கடைகளில் கிடைக்காது. ஜாதவ்பூரில் பறவை ஆராய்ச்சி செய்யும் வித்யா அந்தக் காட்டுக்குப் போகிறாள் என்று, எங்கள் பவானிபூர் கிளினிக் அனுமதி வாங்கி வரவழைத்திருந்தது. பதினாறு நாளில் அவளுக்கு விமானம். அதற்குள் இரண்டு ஊசி, நடுவே பதினான்கு நாள் இடைவெளி.

மருந்து இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதிவுசெய்யும் லாகர் கருவி ஏழு காட்டியது. இறங்கிப்போய் போலீஸ்காரரிடம் வழி கேட்டுவிட்டுத் திரும்பினேன். என்னை ‘தாதா’, அதாவது அண்ணா, என்று கூப்பிடும் வங்காளி டிரைவர் பாப்பிதா சிரித்துக்கொண்டு நின்றார்.

“கவலைய விடுங்க தாதா. மீன்கடையில ஐஸ் வாங்கி உள்ள வச்சிட்டேன். இலிஷ் மீனே கெடாது, இதுக்கென்ன?”

“பாப்பிதா, இது இலிஷ் இல்ல. உறைஞ்சா மருந்து வீண்.”

பெட்டியைத் திறந்தேன். ஐஸ் பை ஓர் ஊசியின் அட்டைமேல் ஒட்டிக் கிடந்தது. மற்றது எதிர்ப்பக்கம், லாகரை ஒட்டி இருந்தது. ஐஸை எடுத்தெறிந்தேன். எந்த ஊசி என்று பிறகு தெரிய, நனைந்த அட்டையில் பேனாவால் கோடு போட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடினேன். வாசல் காவலர் மூக்கைச் சுளித்து, “என்ன, மீனா?” என்றார்.

கிளினிக்கில் வித்யா காத்திருந்தாள். டாக்டரம்மா லாகரைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். திரையில் வெப்பநிலைக் கோடு எல்லைக்குள்ளேயே இருந்தது.

“பிரமாதம். வித்யா, கைய நீட்டு.”

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. திறந்தால் அவள் பயணமே நின்றுபோகலாம்.

“டாக்டர், ஒரு ஊசிமேல ஐஸ் பட்டுச்சு” என்றேன்.

வித்யாவுக்கு முகம் வாடிவிட்டது. “மிஷின் சரின்னுதானே சொல்லுது, அங்கிள்?”

“மிஷின் ஒரு பக்கம் இருந்துச்சும்மா. ஐஸ் இன்னொரு பக்கம்.”

டாக்டரம்மா கோடு போட்ட அட்டையை ஒதுக்கி வைத்தார். “நல்ல வேளை, சொன்னீங்க. இது உறைஞ்சிருக்கலாம். இதப் போட்டா, பாதுகாப்பு இருக்குன்னு நம்பிக் காட்டுக்குள்ள போயிருப்பா.” மற்ற ஊசியை அப்போதே போட்டார். கையோடு சப்ளையருக்கு போன் செய்தார்.

பன்னிரண்டு நாள் எங்களுக்குத் தூக்கமில்லை. பதின்மூன்றாம் நாள் மாற்று ஊசி வந்தது. நானே மெட்ரோவில் கொண்டுவந்தேன். மறுநாள், முதல் ஊசிக்குச் சரியாகப் பதினான்கு நாள் கழித்து, போட்டார்கள். மூன்றாவதை ஐந்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் போட வேண்டும் என்று அவள் கார்டில் எழுதிக் கொடுத்தார்கள். வித்யா குதித்துக்கொண்டு போனாள்.

அன்று நான் கற்றது இதுதான்: கருவி, தான் இருக்கும் இடத்தை மட்டும்தான் அளக்கும். மற்ற இடத்தில் நடந்ததை, பார்த்தவன்தான் சொல்ல வேண்டும்.