ஹேவ்லாக்கில் ஒரு பவளத் தொட்டியும் நாலு மணி நேர மின்வெட்டும்

மே மாதக் கடைசியில் அந்தமானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் குறைவு. நான் போனது தம்பி செந்திலைப் பார்க்க. ஹேவ்லாக்கில் ஒரு விடுதியின் பவளத் தொட்டியைக் கவனிப்பது அவன் வேலை. அவன் தூத்துக்குடி வீட்டுப் பக்கம் வந்து மூன்று வருடம் ஆகிறது.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து தனியார் கப்பல், டிக்கெட் ஆயிரத்து ஐந்நூறு. நல்ல அலை. வாந்திப் பையைக் கையில் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தேன். ஜெட்டியில் கிடைத்த ஆட்டோக்காரருக்குப் பூர்வீகம் ராமநாதபுரம்.

"மெயின்லேண்டா தீதி? மொபைல சார்ஜ் போட்டு வச்சுக்குங்க. பாரிஷ் நேரத்துல கரண்ட் ஆத்தா ஹை, ஜாத்தா ஹை" என்றார், தீவு இந்தி கலந்து. மழை நேரத்தில் கரண்ட் வரும், போகும் என்று அர்த்தம்.

செந்தில் மெலிந்திருந்தான். பெட்டியை வைத்ததும் நேராகத் தொட்டிக்குக் கூட்டிப் போனான். நங்கூரம் பட்டு உடைந்த பவளத் துண்டுகளை, வனத்துறை அனுமதியோடு அதில் வளர்க்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் திரும்பக் கடலில் நடுவது திட்டம். ஆனால் மீன் கழிவால் நைட்ரேட் ஏறி, துண்டுகள் பழுப்படித்து வளராமல் அப்படியே நின்றுவிட்டனவாம். பக்கத்தில் ஒரு குழாய்க்குள் ஜவ்வரிசி மாதிரி வெள்ளை உருண்டைகள் சுழன்றுகொண்டிருந்தன.

"இது பாக்டீரியாவுக்குச் சாப்பாடுக்கா. இதத் தின்னு பெருகும்போது நைட்ரேட்டையும் இழுத்துக்கிடும். பெருகுனத நுரை மெஷின் வெளிய தள்ளிரும். ரெண்டு மாசம் காத்துக் கெடந்தேன். இப்பப் பாரு, நுனியெல்லாம் நீலம் வந்திருக்குல்லா?"

வந்திருந்தது. அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாயிற்று.

மறுநாள் எனக்காக லீவு போட்டு ராதாநகர் கடற்கரைக்கு அழைத்துப் போனான். ஜெட்டியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். மழை பிடித்துக்கொண்டதில் ஒரு டீக்கடையில் மாட்டிக்கொண்டு, அம்மாவின் முழங்கால் வலி பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

திரும்பியபோது விடுதி வாசலிலேயே அழுகிய முட்டை நாற்றம். நாலு மணி நேரம் கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் ஓடவில்லை, இப்போதுதான் வந்தது என்றார் வரவேற்பறைப் பெண். செந்தில் ஓடிப்போய்க் குழாயின் பிளக்கைப் பிடுங்கினான். அதற்குள் காரியம் முடிந்திருந்தது. ஓட்டம் நின்ற குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது. கரண்ட் வந்ததும் மோட்டார் தானாகவே ஓடி, அந்த விஷத்தைத் தொட்டிக்குள் தள்ளிவிட்டது.

இருட்டும்வரை வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினோம். காலையில் மீன்கள் மிதந்தன. பவளத்தின் தோல் நனைந்த காகிதம்போல உரிந்து வந்தது.

"நாம ராதாநகர் போகாம இருந்திருக்கலாம்டா."

"நீ என்னக்கா செய்வ" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்கு: இந்த மாதங்களில் கப்பல் ரத்தாகும். திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த இரண்டு நாளும் வேண்டியிருந்தது. தொட்டி வைத்திருப்பவர்களுக்கு: கரண்ட் போய்வந்தால் அந்தக் குழாய் தானாக ஓடும்படி விடாதீர்கள். கழற்றி, உள்ளே நின்ற தண்ணீரைக் கொட்டி, உருண்டைகளைக் கழுவிய பிறகே மாட்டுங்கள்.

ஒரே ஒரு துண்டில் மட்டும் கொஞ்சம் உயிர் இருப்பதாகப் போன வாரம் செந்தில் போனில் சொன்னான். நேற்றும் பேசினோம், அம்மாவைப் பற்றி, மழையைப் பற்றி. அந்தத் துண்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.